கடைசித் தேதி முடிந்த பிறகே அறிவிப்பு வந்து சேர்கிறது, என்ன செய்வது?

காசிமேட்டில் வீடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலைக் கணிதம் முதலாண்டு, வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். உதவித்தொகையோ தகுதித் தேர்வோ கருத்தரங்கோ, எதுவானாலும் தேதி முடிந்த பிறகுதான் காதில் விழுகிறது. ‘சேப்பாக்கத்திலும் கிண்டியிலும் படிப்பவர்களுக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிகிறது? எந்த நிகழ்ச்சிக்குப் போனால் பயன்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் எழுதாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்தப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் நான் போகலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா? உங்கள் கேள்வியில் ‘அவர்களுக்கு மட்டும்’ என்ற சொல் இரண்டு முறை வருவதை வைத்துச் சொல்கிறேன். மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் வட சென்னைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறையில் 29 ஆண்டுகள் பாடம் எடுத்தவன். அதில் பதினோரு ஆண்டுகள் துறையின் அறிவிப்புப் பலகைக்கும் நானே பொறுப்பு. யாரும் விரும்பிக் கேட்டு வாங்காத வேலை. கண்ணாடிக் கதவு வைத்த பலகை, சின்னப் பூட்டு, சாவி அலுவலக உதவியாளரின் மேசை இழுப்பறையில். கடற்காற்று அடிக்கும் இடம் என்பதால் குண்டூசி மூன்றே மாதத்தில் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கினால் தாள் கிழியும். ஆகவே பிடுங்காமல் மேலேயே அடுத்ததைக் குத்துவோம். ஒரு கோடை விடுமுறையில் நானே உட்கார்ந்து உரித்தபோது ஓரிடத்தில் ஒன்பது அடுக்கு இருந்தது. ஆறாவது அடுக்கில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகைச் சுற்றறிக்கை. அதற்கு முழுத் தகுதியுள்ள ஒரு மாணவன் அந்த வாரங்களில் தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை செய்தவர். சுற்றறிக்கையை மறைத்து மேலே ஒட்டியிருந்தது விளையாட்டு விழா அறிவிப்பு. ஒட்டியது யார் என்று பார்த்தேன். கீழே கையெழுத்து என்னுடையது.

ஆகவே, சேப்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்குப் பதில் கொஞ்சம் சலிப்பூட்டுவது: காகிதம் கடக்க வேண்டிய மேசைகள் அங்கே குறைவு. இணைவுபெற்ற கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தால் முதலில் முதல்வர் அலுவலகம், அங்கே தபால் பதிவேட்டில் ஓர் எண், பிறகு துறைத் தலைவர், அவர் விடுப்பில் இருந்தால் திங்கட்கிழமை, பிறகு பலகை. மின்னஞ்சல் வந்த பிறகும் வழி மாறவில்லை. காகிதத்துக்குப் பதில் கோப்பு அதே மேசைகளில் தங்கி வருகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் முனைவர் பட்ட மாணவர்களும் முதுகலை மாணவர்களும் ஒரே வராந்தாவில் நடமாடுகிறார்கள். ‘விண்ணப்பித்துவிட்டாயா?’ என்று டீக்கடையில் ஒருவர் கேட்டாலே போதும், சுற்றறிக்கையே தேவையில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அப்படிக் கேட்கும் மூத்தவர்கள் குறைவு. அவர்கள் பாதிப் பேர் பகலில் வேறு வேலைக்குப் போய்க்கொண்டே ஆய்வு செய்கிறவர்கள். எனவே முதலில் செய்ய வேண்டியது, உங்கள் கல்லூரி அலுவலகத்தில் தபாலையும் மின்னஞ்சலையும் பிரிப்பவர் யார் என்று கண்டுபிடித்து, அவரிடம் வாரம் ஒருமுறை போய் நிற்பது. துறைத் தலைவரைவிட அவருக்கு மூன்று நாள் முன்னால் தெரியும். நான் பார்த்தவரை, மரியாதையாகக் கேட்கும் மாணவரிடம் அவர்கள் எதையும் மறைத்ததில்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அறிவிப்புகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தவறவிட்டால் ஓராண்டு போய்விடுவது. மற்றது, தவறவிட்டால் ஒரு சொற்பொழிவு மட்டும் போவது. முதல் வகைக்குப் பலகையை நம்பவே வேண்டாம், ஏனென்றால் அவை ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே காலத்தில் வருகின்றன. நாட்காட்டியில் நாமே எழுதி வைத்துக்கொள்ளலாம். உங்கள் பாடத்துக்கு முக்கியமானது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வு. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் எல்லோருக்கும் பொதுவாகச் சுற்றி வரும் யுஜிசி நெட்டில் கணிதப் பாடம் கிடையாது. கணித அறிவியல், இயற்பியல், வேதியியல், உயிர் அறிவியல், புவி அறிவியல் ஆகியவற்றுக்குத் தனித் தேர்வு. இரண்டையும் நடத்துவது தேசியத் தேர்வு முகமை என்பதால்தான் இந்தக் குழப்பம். இரண்டுமே ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இரு பருவமாக அறிவிக்கப்படுகின்றன. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்குப் போனால் 42,000. உங்கள் வீட்டில் இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், ‘இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்’ என்ற கேள்வியின் தொனி மாறும்.

அடுத்தது கேட் (GATE) என்ற தகுதித் தேர்வு. அது நடப்பது பிப்ரவரியில்; விண்ணப்பம் முந்தைய ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். பொறியியல் மாணவர்களுக்கான தேர்வு என்று பலரும் நினைத்துக் கடந்துபோகிறார்கள். கணிதத்துக்குத் தனித் தாள் உண்டு, மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், முதுகலை முதலாண்டிலேயே எழுதலாம். கணிதத்துக்கென்றே தேசிய உயர் கணித வாரியத்தின் உதவித்தொகைத் தேர்வும் இருக்கிறது. கல்லூரிப் பலகையில் நான் மிக அரிதாகவே பார்த்த அறிவிப்பு அது. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்கு வழக்கமாக நவம்பரை ஒட்டி விண்ணப்பம் முடிகிறது. இதில்தான் நம் மாணவர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். கோடையில் நடப்பதற்குக் கோடையில் விண்ணப்பித்தால் போதும் என்று நினைத்து ஏப்ரலில் என்னிடம் வந்து நின்றவர்கள் ஏராளம். கணித மாணவர்களுக்கென 1993 முதல் நடந்துவரும் எம்டிடிஎஸ் கோடைப் பயிற்சி முகாமையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பருவம் நிச்சயம், நாள் நிச்சயமில்லை. 2024 ஜூன் 18 அன்று நடந்து முடிந்த யுஜிசி நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். அதே மாதம் 25 முதல் 27 வரை நடக்க வேண்டிய சிஎஸ்ஐஆர் நெட், நான்கு நாள் இருக்கும்போது தள்ளிவைக்கப்பட்டு ஜூலை 25 முதல் 27 வரை நடந்தது. ஊருக்கு டிக்கெட் எடுத்தவர்கள், வேலையில் விடுப்புச் சொன்னவர்கள் எல்லோருக்கும் திண்டாட்டம். ஆகவே நான் இங்கே எழுதும் மாதங்களைப் பார்த்து விழித்துக்கொள்ளுங்கள். தேதியை மட்டும் தேர்வு நடத்தும் அமைப்பின் தளத்திலேயே எடுங்கள். நான் உட்பட யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பண உதவியில் மாநில அரசின் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு பயன்படுவது இது. முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவர் ஆகியோருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் இருக்கிறது. முதலமைச்சர் பெயரில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டமும் உண்டு; அதற்கான தகுதித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தியது. வருமான வரம்பும் வயது வரம்பும் அரசாணைக்கு அரசாணை மாறக்கூடியவை என்பதால் அந்த எண்களை இங்கே எழுதப் போவதில்லை. விண்ணப்பிக்கும் ஆண்டின் ஆணையைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்புப் படங்களைப் பற்றி ஒரு பயிற்சி. எங்கள் குழுவில் ஒருமுறை அறிவியல் நாள் விழா அழைப்பிதழ் வந்தது: பிப்ரவரி 28, புதன்கிழமை, காலை 10 மணி. ஆண்டு போடவில்லை. நாலைந்து பேர் கும்பிடு போட்டார்கள், இரண்டு பேர் ‘கட்டாயம் வருகிறேன்’ என்றார்கள். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 28 வெள்ளிக்கிழமை. புதன்கிழமை வந்தது 2024இல். ஒரு வருடம் பழையதை யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தேதியையும் கிழமையையும் நாட்காட்டியோடு ஒத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அடுத்து முகவரி. அரசு அமைப்புகளின் தள முகவரி பொதுவாக கவ்.இன் அல்லது என்ஐசி.இன் என்றும், கல்வி, ஆய்வு நிறுவனங்களுடையது ஏசி.இன் அல்லது ரெஸ்.இன் என்றும் முடியும். உதவித்தொகை தருகிறோம், ‘பரிசீலனைக் கட்டணத்தை’ இந்தத் தனிநபர் எண்ணுக்கு அனுப்புங்கள் என்று வந்தால், அது உதவித்தொகை உங்களிடமிருந்து அவர்களுக்கு.

இனி, நிகழ்ச்சிகள். ஜனவரி முடிந்ததும் கருத்தரங்கு மழை பிடித்துக்கொள்ளும். மார்ச் 31க்குள் நிதியைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது காரணங்களில் ஒன்று. எதற்குப் போகலாம் என்பதற்கு நான் கையாளும் வழி, அழைப்பிதழை எண்ணிப் பார்ப்பது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. வாழ்த்துபவர்கள் ஐந்து பேர், பேசுபவர் ஒருவர் என்றால், பத்து மணி நிகழ்ச்சியில் அவர் வாய் திறக்கும்போது மணி பதினொன்று நாற்பது, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பொன்னாடைகளை நான் குறை சொல்லவில்லை, நானும் போர்த்திக்கொண்டவன்தான். நாள் முழுவதையும் கொடுத்துவிட்டு ஐம்பது நிமிடம் வாங்கி வருவது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பதுதான் கணக்கு. இதற்கு மாறாக, ஒரே பெயர், ஒரே தலைப்பு, ‘மாலை 3.30, துறைக் கருத்தரங்க அறை’ என்று வெள்ளைத் தாளில் வரும் அறிவிப்பு அழகாக இருக்காது. போய்ப் பாருங்கள், அதில்தான் சரக்கு இருக்கும்.

‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’ என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் இருபது நிமிடம் தோன்றினாலும் அது பன்னாட்டுதான். கட்டுரைக்கு இத்தனை ரூபாய், வராவிட்டாலும் சான்றிதழ் உண்டு, கட்டுரை ‘யுஜிசி கேர்’ இதழில் வெளிவரும் என்று விளம்பரம் செய்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன அந்தக் கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியிலேயே கைவிட்டுவிட்டது. முதுகலை மாணவர் எவருக்கும் காசு கொடுத்துக் கட்டுரை வெளியிட வேண்டிய அவசியம் கிடையாது என்பதை உறுதியாகச் சொல்வேன். சான்றிதழுக்காக மட்டும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு நான் தடை சொல்வதில்லை. வேலை விண்ணப்பங்களில் சில இடங்களில் அதற்கு ஓர் அரை மதிப்பெண் கிடைக்கிறது, வயிற்றுப்பாடு எனக்கும் புரியும். ஆண்டுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டால் போதும். கணிதத்தில் யாருடைய உரை ஆழமானது, யாருடையது வெறும் அலங்காரம் என்று சொல்லும் தகுதி இயற்பியல்காரனான எனக்கு இல்லை. உங்கள் ஆசிரியர்களில் யார் வகுப்பில் ‘எனக்கும் இது இன்னும் பிடிபடவில்லை’ என்று ஒருநாள் சொன்னாரோ, அவரிடம் கேளுங்கள்.

யாரும் உங்களுக்குச் சொல்லாத நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது: முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. பெயரிலேயே ‘பொது’ இருக்கிறது. துறை ஆசிரியர்களும் மற்ற ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்து கேட்கலாம் என்பது யுஜிசி விதிமுறையின் போக்கு. பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்த முதுகலை மாணவரை எழுப்பி அனுப்பியதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. ஐந்தாறு ஆண்டு ஒருவர் செய்த வேலையை நாற்பது நிமிடத்தில் சொல்வார். பிறகு வெளித்தேர்வாளர் கேள்வி கேட்பார். நான் பார்த்த ஒன்றில், ஆய்வாளர் முப்பது படங்களைத் தங்குதடையில்லாமல் காட்டி முடித்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ‘உங்கள் ஏழாவது படத்தில் அந்தக் கோடு ஏன் அங்கே வளைகிறது?’ என்று மட்டும் கேட்டார். அறையில் விசிறிச் சத்தம் கேட்டது. ஆய்வாளர் ஏழாவது படத்துக்குத் திரும்பிப் போய், இரண்டு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு தன் ஆய்வேட்டில் இல்லாத ஒரு பதிலைச் சொன்னார். அந்த இரண்டு நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிலரங்கத்திலும் கற்கவில்லை. ஆராய்ச்சிக்குப் போகலாமா வேண்டாமா என்று இருமனமாக இருப்பவர்கள் இப்படி இரண்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அறிவிப்பு அந்தந்தத் துறைப் பலகையிலும் நெறியாளரிடமும் இருக்கும். போவதற்கு முன் அந்தத் துறையில் முன்பு ஏற்கப்பட்ட ஆய்வேடு ஒன்றை ‘சோத்கங்கா’ தளத்தில் எடுத்து முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் போனால் பேச்சு கொஞ்சம் புரியும். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அரசுக் கல்லூரி மாணவர் என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். சுமார் 13,000 ஆய்விதழ்கள் அதில் வருகின்றன. அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் அந்தத் திட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

போகலாமா என்ற எழுதாத கேள்விக்கு வருகிறேன். போகலாம். உங்களுக்கு முன்னால் நம் பக்கத்திலிருந்து ஒருவர் போயிருக்கிறார். 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்கு, மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அதற்கு நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற கணிதவியலாளர் இங்கே சொற்பொழிவாற்ற வந்தார். ராமானுஜன் அந்த உரைகளைக் கேட்கப் போனார். அங்கே ஏற்பட்ட பழக்கத்தில்தான் தன் குறிப்பேடுகளை அவரிடம் கொடுத்தார், இங்கிலாந்துப் பயணம் கூடிவந்தது. அந்தத் துறைமுகத்தை ஒட்டித்தான் உங்கள் காசிமேடு இருக்கிறது. ராமானுஜன் பிறந்த நாளான டிசம்பர் 22 தேசியக் கணித நாள்; சேப்பாக்கத்தில் அவர் பெயரிலுள்ள உயர் கணித ஆய்வு நிறுவனம் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, உங்கள் கல்லூரியும் அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால் அந்த வாசலில் நீங்கள் அந்நியர் இல்லை. 1962இல் தொடங்கப்பட்டு இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் கருத்தரங்கு அட்டவணை அதன் தளத்திலேயே கிடைக்கிறது. முதல் தடவை போகும்போது உரையில் பத்தில் ஒன்றுதான் புரியும். எனக்கும் அப்படித்தான், இன்றும் பத்தில் நாலுக்கு மேல் ஏறியதில்லை.

வழி எளிது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, சர் தியாகராயா கல்லூரி நிலையத்தில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலை வழியாகச் சேப்பாக்கத்துக்கு நடந்துவிடலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மின்சார ரயிலில் கடற்கரை நிலையம், அங்கிருந்து பறக்கும் ரயில். சேப்பாக்கத்துக்கும் தரமணிக்கும் அதே வண்டிதான். கல்லூரி அடையாள அட்டையை மறக்காதீர்கள். வாயிலில் ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்டால் ஆள் பெயரைச் சொல்லத் தடுமாறாமல் நிகழ்ச்சியின் பெயரையும் அறையையும் சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார்கள். மாலை உரை முடிந்து தரமணியிலிருந்து காசிமேடு திரும்ப நேரமாகும், வீட்டில் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயக்கம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அரங்கில் கையைத் தூக்க வேண்டாம். உரை முடிந்ததும் வராந்தாவில் டீயும் இரண்டு பிஸ்கட்டும் வைப்பார்கள். பெரியவர்கள் எல்லோரும் பேச்சாளரைச் சூழ்ந்துகொள்ள, அவருடைய மாணவர் ஒருவர் கோப்பையோடு ஓரமாக நின்றிருப்பார். அவரிடம் தமிழிலேயே கேளுங்கள். அவருடைய ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி, அடுத்த உரை எப்போது என்று ஒரு கேள்வி, அந்த அறிவிப்பை எனக்கும் அனுப்ப முடியுமா என்று ஒரு கேள்வி. எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனா எடுத்துப் போங்கள். அந்த நேரத்தில்தான் கைப்பேசியில் சார்ஜ் இருக்காது.